நகையும் பகையும்

'தன் முதுகு தனக்குத் தெரியாது' என்பது நம் நாட்டுப் பழமொழி. பிறர் முதுகைக் கண்டு சிரிப்பவனுக்குச் சொன்னது இது. ஆனால் தன் முதுகைக் கண்டு பிறர் சிரித்தபோது சினந்து எழுபவனும் இதை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது. அண்மையில் எனக்கு அந்த நிலை வந்தது. அதை நம் சங்கத்து நண்பர்கள் முன் வைக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு இரவு எங்கள் விடுதிப் பொது அறையில் இருபது மாணவர்கள் கூடி ஒரு பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்த்தோம். இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனம் 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் காட்டிய 'டாப் கியர்' என்னும் மோட்டார் நிகழ்ச்சியின் இந்தியச் சிறப்புப் பகுதி அது. பஞ்சாபியரும் வங்காளியரும் மராட்டியரும் தமிழருமாகக் கலந்து அமர்ந்திருந்தோம். படம் முடிந்ததும் அறை கொதித்தது. 'இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இது உலவுகிறதே! கண்டித்து ஒரு கடிதம் எழுதியே ஆகவேண்டும்' என்றார்கள். எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. 'உங்கள் பொங்கல் விழாவுக்கு நாடகம் எழுதுகிறவன் நீதானே! நீயே எழுது' என்றான் வங்க நண்பன் ஒருவன். பெருமையோடு ஒப்புக்கொண்டேன். இரண்டு இரவுகள் உட்கார்ந்தும் கடிதம் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதே இக்கட்டுரை.

நிகழ்ச்சியைப் பாராத நண்பர்களுக்காகச் சிறிது கூறுகிறேன். ஜெரமி கிளார்க்சன், ரிச்சர்டு ஹாமண்டு, ஜேம்ஸ் மே என்னும் மூவர் மூன்று பழைய கார்களை ஓட்டிக்கொண்டு மும்பையிலிருந்து இமயமலை வரை வருகிறார்கள். இங்கிலாந்துப் பொருள்களை இந்தியாவில் விற்றுத் தம் நாட்டின் வாணிபத்தை உயர்த்தப் போவதாகப் பாசாங்கு. கிளார்க்சனின் ஜாகுவார் காரின் பின்புறத்தில் ஒரு மலக்கூடத் தொட்டி பொருத்தப்பட்டிருக்கிறது. இந்தியாவுக்கு வருகிறவர் எல்லாருக்கும் வயிறு கெடும், ஆதலால் இது பயன்படும் என்பது அவர் சொல்லும் காரணம். டில்லியில் ஒரு விருந்தில், பெரியோர் கூடியிருக்கும் இடத்தில், காற்சட்டைக்கு மடிப்பிடும் கருவியை விளக்குகிறேன் என்று தம் காற்சட்டையைக் கழற்றுகிறார். புகைவண்டியின் பெட்டிகள்மேல் விளம்பரத் துணிகளைக் கட்டுகிறார்கள். பெட்டிகள் பிரிந்ததும் துணி கிழிந்து எஞ்சிய எழுத்துகள் ஆபாசச் சொல்லாகின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தின் பெருமை என்று அவர்கள் ஓட்டிவந்த ஜாகுவாரின் நிறுவனத்தை 2008-லேயே நம் டாட்டா மோட்டார்ஸ் விலைக்கு வாங்கிவிட்டது. மற்ற இரண்டான ரோல்ஸ் ராய்சும் மினியும் ஜெர்மானியரான பி.எம்.டபிள்யூ. கைக்குப் போய்விட்டன. விற்க வந்தவரின் கடையே கைமாறிப் போயிருந்தது! நகைப்பதென்றால் நாம் நகைக்க இடமிருந்தது. ஆயினும் அன்று எங்கள் அறையில் யாரும் நகைக்கவில்லை.

நிகழ்ச்சி வெளிவந்த காலத்தில் அதைக் கண்டவர்கள் என்ன செய்தார்கள்? முதலில் பி.பி.சி.க்கு வந்த முறையீடுகள் 23 என்று செய்தித்தாள்கள் எழுதின. பல இலட்சம் பேர் காணும் நிகழ்ச்சிக்கு இது சிறு தொகை. 2012 ஜனவரியில் இலண்டனிலுள்ள இந்திய ஹைகமிஷன் எழுத்து மூலம் கண்டனம் தெரிவித்தது. இந்தியச் சாலைகளையும் கார்களையும் பற்றிய இனிய பயணப்படம் என்று முன்னே சொன்ன வாக்குக்கு மாறாக, மலிந்த கேலியும் பண்பாட்டு உணர்வின்மையும் நிறைந்த படத்தை எடுத்தார்கள் என்பது அதன் சாரம். அதன் பிறகே செய்தி இரு நாடுகளிலும் பெரிதாயிற்று. பி.பி.சி. தன் பங்குக்கு, இந்திய மக்களையோ பண்பாட்டையோ இழிவுபடுத்தவில்லை. ஒரு நாட்டை நிறைகுறைகளோடு காட்டுவது வேறு, அவமதிப்பது வேறு என்று விடை சொன்னது.

இந்த வாதத்தில் நான் எந்தப் பக்கம்? இரு பக்கமும் இல்லை என்று நழுவுவது எனக்குப் பிடிக்காது. சினந்தவர் சினந்ததில் நியாயம் உண்டு என்றே சொல்வேன். அதே நிகழ்ச்சியில் மும்பை டப்பாவாலாக்களோடு போட்டியிட்டுச் சாப்பாட்டுக் கூடைகளைக் காரில் கொண்டுபோய்ச் சேர்க்கப் பார்த்து, அந்த மூவரும் தோற்று விழிக்கிறார்கள். அங்கே நகைப்புக்கு இடமானவர்கள் அவர்களே. வென்றவர்கள் தலையில் வெள்ளைக் குல்லாய் அணிந்த எளிய உழைப்பாளிகள். அந்தக் காட்சிக்கு எங்கள் மராட்டிய நண்பர்கள் கைதட்டினார்கள். ஆனால் மலக்கூடம் பொருத்திய கார் குடிசைகளுக்கிடையே போகும்போது, சிரிக்கிறவன் காருக்குள் இருக்கிறான். சிரிப்புக்கு ஆளானவன் வெளியே நிற்கிறான். அவன் எதுவும் திருப்பிச் சொல்ல வழியில்லை. ஒன்று பந்தாட்டம் போன்றது. மற்றது கை கட்டப்பட்டவன்மேல் பந்து எறிவது போன்றது. அந்த எறிதல் நம்மை ஆண்டவர் வீட்டிலிருந்து வரும்போது வலி இன்னும் மிகும்.

அதே குழுவினர் அதே 2011-ன் தொடக்கத்தில் மெக்சிகோ நாட்டினரைச் சோம்பேறிகள் என்று பழித்தார்கள். அந்நாட்டுத் தூதர் கண்டித்தார். அவரிடம் பி.பி.சி. வருத்தம் தெரிவித்தது. 2014-ல் அவர்கள் ஆர்ஜென்டினாவுக்கு ஓட்டிச் சென்ற காரின் எண்பலகை 1982-ஆம் ஆண்டுப் பாக்லாந்துப் போரை நினைவூட்டுகிறது என்று கலகம் மூண்டு, படக்குழு நாட்டைவிட்டே வெளியேறியது. ஆகவே நம்மவர் மட்டும் தொட்டாற்சுருங்கிகள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் கடிதத்தில் எழுதிவிட்டேன். நன்றாகவே வந்தது. அடுத்த பத்தியில்தான் பேனா நின்றது. 'இத்தகைய நிகழ்ச்சி எங்கும் காட்டப்படாமல் தடை செய்க' என்று எழுதச் சொல்லியிருந்தார்கள்.

தடை என்பது நமக்குப் புதிதன்று. பிரெஞ்சுப் படக் கலைஞர் லூயி மால் கல்கத்தாவையும் பிற இடங்களையும் படம் பிடித்தார், அதைப் பி.பி.சி. காட்டியது. நம் அரசு சினந்தது. 1970-ல் டில்லியிலிருந்த பி.பி.சி. அலுவலகம் மூடப்பட்டது. அலுவலகம் மூடியதால் கல்கத்தா நடைபாதையில் உறங்கியவருக்குக் கூரை வந்ததா? வரவில்லை. படம் மறைந்தால் படத்திலிருந்தது மறைந்துவிடும் என்று நினைப்பது பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

இதற்கு மாறாக வேறொரு வழியை ஒருவர் நமக்குக் காட்டியிருக்கிறார். 1927-ல் காதரைன் மேயோ என்னும் அமெரிக்க மாது 'மதர் இந்தியா' என்ற நூலில் இந்தியரை மனம்போல் இழித்து எழுதினார். நாடெங்கும் கொதிப்பு. மறுப்பு நூல்கள் மளமளவென்று வந்தன. காந்தியடிகளும் 'யங் இந்தியா'வில் மறுத்தார். சாக்கடைகளை மட்டும் திறந்து பார்த்துவிட்டு எழுதிய சாக்கடை மேற்பார்வையாளரின் அறிக்கை என்று அந்நூலுக்குப் பெயர் வைத்தார். அந்தப் பெயர் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அதே கட்டுரையில் அவர் சொன்ன மற்றொன்றைத்தான் மறந்துவிட்டோம். இந்நூலை இந்தியர் படித்துப் பயன் அடையலாம். அவர் குற்றம் சாட்டிய விதத்தை மறுக்கலாம், அதன் அடியிலுள்ள உண்மையை மறுக்க இயலாது என்றும் எழுதினார். இரண்டு ஆண்டுகளுக்குள், 1929-ல், குழந்தை மணத் தடைச் சட்டமாகிய சாரதா சட்டம் வந்தது. மேயோ எழுதியதால் வந்தது என்று சொல்ல மாட்டேன். நம் பெண்களும் சீர்திருத்தக்காரர்களும் நெடுநாள் போராடிப் பெற்றது அது. ஆயினும் பழித்தவர்மேல் கொண்ட சினம் நம் குறையை நாம் பார்ப்பதைத் தடுத்துவிடவில்லை என்பது தெளிவு.

கிளார்க்சனின் மலக்கூடக் காருக்கு வருவோம். அந்தக் கார் இங்கே ஓடிய அதே 2011-ல் நம் நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 53 வீடுகளில் கழிப்பிடம் இல்லை என்று அது சொல்லிற்று. மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளும் கொடுமையை முழுதும் விலக்கும் சட்டம் 2013-ல்தான் வந்தது. அதற்குப் பிறகும் பாதாளச் சாக்கடையில் இறங்கி மூச்சடைத்து இறந்தவர் பலர். அவர்கள் குடும்பத்துக்குத் தரும் இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-ல் 30 இலட்சம் ரூபாயாக உயர்த்த வேண்டியிருந்தது. 2014 முதல் கழிப்பிடங்கள் கோடிக்கணக்கில் கட்டப்பட்டன, அது மகிழத்தக்கது. ஆனால் எங்கள் பொது அறையில் அன்று கொதித்த இருபது பேரில், சாக்கடை மரணத்தைப் பற்றி ஒருமுறையாவது கடிதம் எழுதியவர் உண்டா? நான் எழுதியதில்லை. அந்நியன் சிரித்ததும் சுட்டது. நம்மவன் செத்தபோது சுடவில்லை. அப்படியானால் நமக்கு வலித்தது எது? நாட்டின் குறையா, அதை அயலான் பார்த்துவிட்டான் என்ற வெட்கமா?

இனி நான் சொல்லத் தயங்குகிற பகுதிக்கு வருகிறேன்.

வடநாட்டில் படிக்கும் நமக்குக் கேலி எத்தகையது என்பதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. நாம் எந்த மாவட்டத்தவராயினும் 'மதராசி'. நாம் பேசாத ஒரு தமிழில் 'ஐயோ ஐயையோ' என்று நம் எதிரில் ஆடிக் காட்டுவார்கள். 1968-ல் வந்த 'படோசன்' என்னும் இந்திப் படத்தில் மெஹ்மூது குடுமியோடு வந்து சிரிக்க வைத்த தென்னாட்டுப் பாட்டு வாத்தியார், இன்னும் நம் விடுதி நண்பர்களின் மனத்தில் குடியிருக்கிறார். முதலாண்டில் எத்தனை பேர் இதனால் அறைக்குள் அடைந்து கிடந்தோம்!

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? தமிழ்ப் படங்களில் 'நிம்பள்', 'நம்பள்' என்று பேசும் வட்டிக்கடைச் சேட்டைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்து வளர்ந்தோம். சர்தார்ஜி துணுக்குகளை மனப்பாடம் செய்தோம். இப்போது நம் ஊருக்கு வேலை தேடி வரும் பீகாரியையும் உத்தரப் பிரதேசத்தானையும் 'வடக்கன்' என்னும் ஒரே சொல்லில் அடைக்கிறோம்.

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கம் நடத்திய நாடகம் உங்களுக்கு நினைவிருக்கும். வாயில் பான், தோளில் கட்டம் போட்ட துண்டு, முதுகில் மூட்டை. முன்பதிவு இல்லாத பெட்டியிலிருந்து சென்னை சென்ட்ரலில் இறங்கி, கணக்குத் தெரியாமல் உளறும் ஒருவன். மண்டபமே அதிர்ந்தது. அதை எழுதியவன் நான். கைதட்டலில் குளிர்ந்து திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அப்போது பக்கக் கதவு வழியே நம் மெஸ்ஸில் பரிமாறும் ஒருவர் பொங்கல் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். பீகாரைச் சேர்ந்தவர். அன்று விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து நமக்காகப் பால் காய்ச்சியவர். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மேடையில் இருந்தவனின் தோளில் கிடந்த துண்டு அவர் தோளிலும் கிடந்தது. ஒரு கணம் நின்று பார்த்தார். சிரித்தார். அண்டாவை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். வழக்கமாக விழா முடியும்வரை இருந்து நம்மோடு உண்பவர், அன்று உண்ணவில்லை.

மறுநாள் நான் அவரிடம் சென்று, 'பையா, நேற்றைய நாடகத்தில் வருத்தமா?' என்று கேட்டேன். 'அதனால் என்ன பாபு, விளையாட்டுத்தானே!' என்றார். எனக்கு மனம் ஆறிவிட்டது. எட்டு மாதம் ஆறியே இருந்தது. கண்டனக் கடிதம் எழுத உட்கார்ந்த இரண்டாம் இரவில்தான், பி.பி.சி. சொன்னதும் ஏறக்குறைய அதுவே என்று உறைத்தது. அங்கே சிரித்தவன் தன்னைக் காத்துக்கொள்ள 'விளையாட்டு' என்றான். இங்கே சிரிக்கப்பட்டவர் என்னைக் காப்பாற்ற 'விளையாட்டு' என்றார். இந்தியாவைப் பழித்தால் கண்டிக்க இலண்டனில் ஒரு ஹைகமிஷன் இருக்கிறது. மெஸ்ஸில் பரிமாறுகிறவருக்கு எந்த ஹைகமிஷன் இருக்கிறது?

'அப்படியானால் இனி யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவே கூடாதா?' என்று நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. சிரிக்க வேண்டும், சிரிப்பில்லாத விடுதி சிறைச்சாலை. எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். சிரிக்கப்படுகிறவன் எழுந்து என்னைப் பார்த்தும் அதே அளவு சிரிக்க முடியுமா? முடியுமானால் அது நட்பு. முடியாதெனில் நான் கையைக் கட்டிப்போட்டுவிட்டுப் பந்து எறிகிறேன். அயலார் குற்றத்தைக் காணும் அதே கண்ணால் தன் குற்றத்தையும் காணச் சொன்ன வள்ளுவரை ஆண்டுதோறும் மேடையில் போற்றும் சங்கம் நம்முடையது. அவரைப் படத்தில் மாலையிட்டு வைத்தால் போதுமா?

ஆதலால் நம் செயற்குழுவுக்கு இரண்டு வேண்டுகோள். வரும் பொங்கலுக்கு என்னை மீண்டும் நாடகம் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். சென்ற ஆண்டின் அந்தப் பாத்திரம் அதில் வராது. அதற்குப் பதிலாக வடநாட்டு நண்பர்களையும் மெஸ் ஊழியர்களையும் மேடைக்கு அழைப்போம். அவர்கள் கண்ணில் தமிழ் மாணவன் எப்படித் தோன்றுகிறான் என்று அவர்களே நடித்துக் காட்டட்டும். தயிர்ச்சோற்றுக்கு ஏங்குவதையும், இந்தியில் ஆண்பால் பெண்பால் குழம்புவதையும், குளிர் தொடங்குமுன் குரங்குக் குல்லாய் மாட்டுவதையும் அவர்கள் நன்றாகவே நடிப்பார்கள். முதல் வரிசையில் அமர்ந்து நாம் சிரிப்போம். இரண்டாவது, அன்றைக்கு அண்டா தூக்கி வருகிறவர்களுக்கு முதல் இலை போடுவோம், நாம் பரிமாறுவோம்.

பி.பி.சி.க்கு எழுத வேண்டிய கடிதத்தையும் முடித்துவிட்டேன். தடை கேட்கும் பத்தியை நீக்கிவிட்டேன். 'உங்கள் கார் எங்கள் குடிசைகளைப் பார்த்துச் சிரித்தது தவறு. அதைச் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு' என்ற பத்தி மட்டும் நிற்கிறது. ஆனால் அதன் கீழ் நான் இன்னும் கையெழுத்திடவில்லை. அதற்கு முன் மெஸ்ஸுக்குப் போய், 'விளையாட்டுத்தான்' என்று சொன்னவரிடம், 'விளையாட்டன்று, தவறு' என்று ஒருமுறை சொல்லிவிட்டு வர வேண்டும். நாளைக் காலை போகிறேன். உடன் வர விரும்பும் நண்பர்கள் வரலாம்.