குலுக்கல் இல்லாத நாள்



ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிலுள்ள ஓல்டு கோர்ஸ் மைதானத்தில் வாழ்நாளில் ஒருமுறையேனும் ஆடிவிட வேண்டும் என்பது கோல்ஃப் ஆடுவோர் பலருடைய பேராவல். 2022ஆம் ஆண்டில் 150ஆவது ஓபன் போட்டி நடைபெற்றதும் அங்கேதான். அங்குச் செல்லத் திட்டமிடுவோருக்கு நான் கூற விரும்புவது ஒன்றே: உங்கள் பயணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது முரணாகத் தோன்றலாம். பெரும் போட்டிகள் நடைபெறும் நாட்கள் நீங்கலாக, ஞாயிறன்று அம்மைதானத்தில் ஆட்டமே இல்லை. முன்பதிவு கிடைக்காதோர், ஆட விரும்பும் நாளுக்கு 48 மணி நேரம் முன்னதாகக் குலுக்கலுக்குப் பெயர் கொடுக்கவேண்டும். ஆட்டத்திறனைக் காட்டும் ஹேண்டிகேப் சான்றும் வேண்டும். பெயர் விழும் என்னும் உறுதியோ இல்லை. ஆகவே மூன்று நாள் மட்டும் தங்கக்கூடிய ஒருவர், ஞாயிற்றை வீணான நாளாக எண்ணி விலக்கிவிட நினைப்பது இயல்பே. புகழ்பெற்ற மைதானம் வாரத்தில் ஒரு நாள் வருவாயை இழக்கலாமா என்றும் அவர் கேட்கலாம்.

ஆனால் ஞாயிறன்று அந்த மைதானம் பூட்டப்படுவதில்லை, எல்லாருக்கும் திறந்திருக்கிறது. கட்டணமில்லை, குலுக்கலில்லை, சான்றும் கேட்பாரில்லை. ஊரார் தங்கள் நாய்களுடன் உலாவுகின்றனர். 18ஆம் குழிக்குச் செல்லும் வழியிலுள்ள ஸ்வில்கன் என்னும் சிறு கற்பாலத்தில் நின்று குடும்பமாகப் படம் எடுத்துக்கொள்கின்றனர். கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டிராதவரும் உலக வீரர்கள் நடந்த புல்லில் நடக்கிறார்.

ஏழாம் ஆண்டில் நிலத்தைப் பயிரிடாமல் விடும்படி இஸ்ரவேலருக்குக் கட்டளையிடப்பட்டதை யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அங்குச் சொல்லப்படும் காரணம் நிலத்தின் களைப்பன்று, எளியவர்களின் பசி. உடையவனுடைய கை ஓயும்போது, இல்லாதவனுக்கு வாசல் திறக்கிறது. ஓய்வுநாளை நாம் பெரும்பாலும் நமக்குரிய இளைப்பாறுதலாக மட்டுமே கருதுகிறோம். அது பிறருக்கு இடம்விடும் நாளுமாகும் என்பதை அந்தப் புல்வெளியில் கண்ணாரக் காணலாம்.

அருகிலுள்ள வெஸ்ட் சாண்ட்ஸ் கடற்கரைக்கும் செல்லுங்கள். 1981இல் வெளிவந்த 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' திரைப்படத்தில் வீரர்கள் அலையோரம் ஓடும் காட்சி அங்கேதான் படமாக்கப்பட்டது. அப்படம் சித்திரிக்கும் எரிக் லிடெல், 1924ஆம் ஆண்டின் பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில், 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச்சுற்று ஞாயிறன்று நடந்ததால் அதில் ஓட மறுத்தவர். பின்னர் 400 மீட்டரில் தங்கம் வென்றார். தங்கம் கிடைக்கும் என்று எண்ணி அவர் ஞாயிற்றை விட்டுக்கொடுக்க மறுக்கவில்லை. பதக்கமின்றித் திரும்ப நேரிடும் என்று அறிந்தே மறுத்தார்.

ஞாயிறன்றும் ஆடியே தீரவேண்டும் என்போருக்கு, அதே நகரில் 1895இல் திறக்கப்பட்ட நியூ கோர்ஸ் உண்டு. ஆயினும் என் ஆலோசனை இதுவே: சனியன்று ஓல்டு கோர்ஸில் ஆடுவதற்கு வியாழனன்று பெயர் கொடுங்கள். பெயர் விழுந்தால் மகிழ்ந்து ஆடுங்கள். விழாவிட்டாலும் ஊரைவிட்டுப் புறப்படாதிருங்கள். காலையில் ஆராதனையில் கலந்துகொண்டு, பின்பு அந்தப் பாலத்தை நோக்கி நடந்து செல்லுங்கள். சனிக்கிழமை இடமளிக்காத அதே மைதானத்தில், ஞாயிறன்று உங்களைத் தடுப்பவர் எவருமில்லை.