யார் தலையில் இந்தத் தவணை?

திருப்பூர் ராயபுரத்துப் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம். கட்டிங் மாஸ்டரானாலும், டெய்லரானாலும், செக்கிங் வேலை செய்யும் பெண்ணானாலும், அன்று மாலை காசு வந்தால்தான் மறுநாள் வீட்டில் அடுப்பு எரியும். ஆனால் அவர்கள் தைத்த சட்டையின் விலை, லண்டனிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ எத்தனை நாள் கழித்து வந்து சேர்கிறது? அதைத் தீர்மானிப்பதில் எல்.சி. என்ற பாங்கிக் கடிதத்துக்குப் பெரும் பங்குண்டு. ‘முதலாளிமார் விவகாரம், நமக்கென்ன?’ என்று தோழர்கள் ஒதுங்கிவிடலாகாது.

எல்.சி. என்பது வாங்குபவரின் பாங்கி தரும் வாக்குறுதி. குறித்த நாளுக்குள் சரக்கைக் கப்பலேற்றிப் பத்திரங்களைக் கொடுத்தால், பணத்துக்குப் பாங்கி பொறுப்பு. பாரிசிலுள்ள சர்வதேச வர்த்தகச் சபை வகுத்து, 2007 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள யு.சி.பி. 600 விதிப்படி, விற்பவர் சம்மதமின்றி இதை மாற்றவோ ரத்துச் செய்யவோ முடியாது.

இதில் வகைகள் பல. பத்திரம் சரியென்றால் உடனே பணம் தருவது ‘சைட்’. 60 நாள், 90 நாள் தவணை சொல்வது ‘யூசன்ஸ்’. அவசரமென்றால் உண்டியலைப் பாங்கியில் வட்டம் கொடுத்து மாற்றலாம், வட்டம் போவது பெரும்பாலும் விற்பவர் பையிலிருந்து! கப்பலேறுமுன்பே முன்பணம் தருவது ‘ரெட் கிளாஸ்’. அந்நாளில் சிவப்பு மையில் எழுதியதால் வந்த பெயர். வந்த எல்.சி.யைக் காட்டி நூல்காரருக்கு இன்னொன்று திறப்பது ‘பேக் டு பேக்’. இடையிலுள்ள ஏஜெண்டு தம் பேருக்கு வந்ததைத் தயாரிப்பவருக்கு மாற்றித் தருவது ‘டிரான்ஸ்பரபிள்’. தம் பங்கை எடுத்துக்கொண்டு விலையைக் குறைத்தெழுத விதியே இடம் தருகிறது.

கடிதத்திலும் கண்ணி உண்டு. பாங்கி பார்ப்பது பத்திரத்தை; சரக்கையல்ல. ‘வாங்குபவரின் ஆள் கையெழுத்திட்ட பரிசோதனைச் சான்று வேண்டும்’ என்று ஒரு வரி நுழைந்தால் போதும். அவர் கையெழுத்திட மறுத்தால் பணம் நின்றுபோம்!

அந்தக் கடிதமும் இல்லாவிட்டால்? அதுதான் ‘ஓபன் அக்கவுண்ட்’. சரக்கு முன்னே, பணம் பின்னே. பாங்கியின் வாக்குறுதி கிடையாது. பெரிய கடைக்காரர்கள் விரும்புவது இதைத்தான். 2020-ல் கொரோனா வந்தது; ஆர்டர்கள் ரத்தாயின. பிரிட்டனில் ஏப்ரலில் டெபன்ஹாம்ஸும் நவம்பரில் ஆர்கேடியாவும் நொடித்து, நிர்வாகிகள் கைக்குப் போயின. இப்படிக் கடை நொடிக்கும்போது, ஈடின்றிச் சரக்குத் தந்தவர் கடன்காரர் வரிசையில் பின்னால்தான் நிற்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியச் சரக்கு மீது அமெரிக்க வரி 50 சதவீதமானபோது, ‘விலையைக் குறை’ என்ற குரல் வாங்குவோரிடமிருந்து எழுந்தது. உறுதிக் கடிதம் இல்லாதவர் எதைப் பிடித்துக்கொண்டு மறுப்பார்?

பாரம் மேலிருந்து கீழே இறங்குகிறது. ஏற்றுமதியாளர் ஜாப் ஒர்க்காரருக்குத் தவணை சொல்கிறார். அவர் தொழிலாளிக்கு ‘அடுத்த வாரம்’ என்கிறார். தொழிலாளி யாருக்குத் தவணை சொல்வது? மளிகைக் கடைக்கா? வீட்டுக்காரருக்கா?

வழியில்லாமலில்லை. 1957-ல் மத்திய அரசு தொடங்கிய ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகம் இருக்கிறது. அதில் இன்சூரன்ஸ் எடுத்திருந்தால், வாங்குபவர் மஞ்சள் கடுதாசி கொடுத்தாலும் நஷ்டத்தில் பெரும்பகுதி திரும்பும். கடிதமின்றிச் சரக்கனுப்புவோர் அதையாவது எடுக்கட்டும். அந்தச் செலவைத் தாங்கமாட்டாத சிறு கம்பெனிகளுக்கு அரசு கைகொடுக்கட்டும். கூலிப் பேச்சில் ‘பணம் வரவில்லை’ என்ற பதில் வந்தால், சங்கத் தோழர்கள் தலையாட்டிவிட்டுத் திரும்ப வேண்டாம். எந்த வகை எல்.சி.? எத்தனை நாள் தவணை? இன்சூரன்ஸ் உண்டா? கணக்கை மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள்!