வீட்டு ஷெட்டில் விமான இறக்கை செய்யலாமா? அம்பத்தூரில் கை இருக்கு, தடுப்பது எது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகடு வெட்டி, துளை போட்டு, ரிவெட் அடிக்கத் தெரிந்த ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை. பக்கத்தில் ஆவடியில் ராணுவ டாங்க் தயாராகிறது. பூந்தமல்லியைத் தாண்டிப் போனால், வல்லம் வடகாலில் விமானப் பாகங்களுக்கென்றே சிப்காட் பூங்கா இருக்கிறது. விமானம், பாதுகாப்புத் துறையில் 10 ஆண்டுகளில் ரூ.75,000 கோடி முதலீட்டை ஈர்ப்போம் என்கிறது தமிழ்நாடு அரசின் 2022-ம் ஆண்டு கொள்கை.

சரி, இங்கே வசிக்கும் ஒருவர் கிட் ஒன்றை வாங்கி, கார் ஷெட்டில் வைத்துச் சின்ன விமானத்தின் இறக்கையைத் தானே செய்ய முடியுமா? 1934-ம் ஆண்டு விமானச் சட்டத்துக்குப் பதிலாக, பாரதிய வாயுயான் அதினியம் 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. உற்பத்தியோடு வடிவமைப்பையும் இது தன் வரம்புக்குள் கொண்டு வந்திருப்பதால், இந்தக் கேள்விக்கு இப்போது கூடுதல் அர்த்தம் உண்டு.

சுருக்கமான பதில்: செய்யும் வேலை கைக்கு எட்டியதுதான். அதை மாட்டிப் பறப்பதுதான் கஷ்டம்.

கிட்டில் என்ன வரும்?

விமானம் முழுசா வராது. பகுதி பகுதியாகப் பெட்டியில் வரும். பெரும்பாலும் முதலில் வால், அடுத்து இறக்கை.

இறக்கையின் முதுகெலும்பு ஸ்பார் எனப்படும் நீளமான உத்தரம். பறக்கும்போது விமானத்தின் எடையைத் தாங்குவது இதுதான். அதற்குக் குறுக்கே விலா எலும்பு மாதிரி ரிப்கள். அவற்றின் மேல் மெல்லிய அலுமினியத் தகடு. எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பவை ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள்.

இப்போதைய கிட்களில் துளைகளைத் தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்புகிறார்கள். ரிப்பின் துளையும் தகட்டின் துளையும் சரியாக உட்கார்ந்தால் இறக்கை தானாகவே நேராக அமையும். ஒரு பக்க இறக்கை நாலு மீட்டர் சொச்சம்தான். அதனால் ஷெட் போதும்.

ஆனா நேரம்? ஒவ்வொரு துளையிலும் பிசிறு எடுக்கணும், தற்காலிகமா பிடிச்சு வெச்சுப் பார்க்கணும், கழற்றணும், மறுபடி மாட்டி ரிவெட் அடிக்கணும். வார இறுதிகளில் மட்டும் செய்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

ஒரு துளையில் என்ன ஆகிவிடும்?

அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தில் உள்ள வேன்ஸ் ஏர்கிராஃப்ட், உலகின் பெரிய கிட் நிறுவனங்களில் ஒன்று. ஆர்டர்கள் குவிந்ததால், வழக்கமாகப் பஞ்ச் செய்யும் துளைகளில் ஒரு பகுதியை லேசரில் வெட்ட வைத்தது. ரிவெட்டின் தலை தகட்டோடு சமமாக உட்கார, துளையைச் சுற்றி லேசாகக் குழி தட்டுவார்கள். லேசர் துளைகளை அப்படித் தட்டியபோது சிலவற்றில் விரிசல் விட்டது. அதைக் கண்டு சொன்னவர்கள், வீட்டு ஷெட்களில் விமானம் கட்டிக்கொண்டிருந்தவர்கள். பாகங்களை மாற்றித் தரும் செலவு உள்ளிட்ட நெருக்கடிகளால் 2023 டிசம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. அதிலிருந்து 2024-ல் மீண்டது.

கீழே நிற்கும்போது தலைமுடி அளவு விரிசல் ஒன்றும் செய்யாது. பறக்கும்போது ஒவ்வொரு குலுக்கலிலும் அது கொஞ்சம் கொஞ்சமாக வளரும். இதனால்தான் இந்த வேலைக்கு இரண்டாவது ஜோடிக் கண்கள் கட்டாயம்.

யார் சரிபார்க்கிறார்கள்?

பிரிட்டனில் இதற்கு லைட் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் இருக்கிறது. அதன் ஆய்வாளர்கள் கட்டுமானத்தின்போதே நேரில் வந்து பார்ப்பார்கள். கேரளத்தின் ஆலப்புழாவைப் பூர்வீகமாகக் கொண்ட பொறியாளர் அசோக் தாமரக்ஷன், தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் நிறுவன கிட்டை வாங்கி, எஸ்ஸெக்ஸில் தன் வீட்டுத் தோட்டத்து ஷெட்டில் நான்கு இருக்கை விமானம் கட்டினார். 2022-ல் அதில் குடும்பத்தோடு ஐரோப்பிய நாடுகளுக்குப் பறந்தது இந்தியச் செய்திகளிலும் வந்தது.

அமெரிக்காவில் வேலையின் பெரும்பகுதியை, அதாவது பாதிக்கு மேல், கட்டுபவர் கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தானே செய்திருந்தால் 'எக்ஸ்பெரிமென்டல்' பிரிவில் சான்று கிடைக்கும்.

இந்தியாவில்?

மும்பை காந்திவலியில் தன் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானத்தைக் கட்டினார் விமானி அமோல் யாதவ். கிட் எதுவும் இல்லை, சொந்த வடிவமைப்பு. 2016 பிப்ரவரியில் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. டிஜிசிஏ பதிவு கிடைத்தது 2017 நவம்பரில். பறக்க அனுமதி 2019-ல். சோதனைப் பறத்தல் 2020-ல். கண்காட்சியில் எல்லோரும் பார்த்த விமானம் மேலே எழும்ப நாலு வருஷம்!

வீட்டு விமான வடிவமைப்பை நம் அரசு ஆய்வகமே பயன்படுத்தியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் பர்ட் ரூட்டன் வீட்டில் கட்டுவோருக்காக வரைந்த 'லாங்-ஈஸி'யை அடிப்படையாக வைத்து, பெங்களூரு என்.ஏ.எல். கட்டிய சின்ன விமானம் 1987-ல் பறந்தது. அலுமினியம் இல்லாமல், நுரைப்பலகை மேல் கண்ணாடி இழை ஒட்டிய உடல். அதே ஆய்வகத்தின் கலப்புப்பொருள் விமானமான ஹன்சா 1993-ல் முதன்முறை பறந்தது.

மேற்கு சென்னையில் கூடுதல் சிக்கல்

ஷெட்டில் கட்டலாம், மேலே எழும்ப முடியாது. ஆவடியில் விமானப்படை நிலையம், ஒரு பக்கம் மீனம்பாக்கம், தாம்பரம், இன்னொரு பக்கம் அரக்கோணத்தில் கடற்படை விமானத்தளம். கட்டி முடித்த இறக்கையை லாரியில் ஏற்றி, அனுமதியுள்ள ஓடுதளத்துக்குக் கொண்டுபோய்த்தான் மாட்ட வேண்டும்.

என்ன மாறணும்?

விதிகளைத் தளர்த்தச் சொல்வது ஆபத்தான யோசனை. இறக்கை முறிந்தால் விழுவது ஓட்டுபவரோடு நிற்காது, கீழே திருமுல்லைவாயிலோ அயப்பாக்கமோ இருக்கும். தேவைப்படுவது, தகட்டை மூடி ரிவெட் அடிப்பதற்கு முன்பே வந்து உள்ளே பார்க்கும் ஆய்வாளரும், எத்தனை மாதத்தில் பதில் வரும் என்ற தெளிவும்தான். மூடிவிட்ட இறக்கைக்குள் இருக்கும் விரிசல் பிறகு எந்தக் கோப்பிலும் தெரியாது.

புதிய சட்டத்தின் கீழான விதிகளில் இதற்கு ஒரு வழி வகுக்கப்பட்டால், அம்பத்தூர் பட்டறையில் தகடு மடக்கும் இளைஞருக்கும் விமானம் கட்டிப் பழக ஒரு வாய்ப்பு இருக்கும். இல்லாவிட்டால் அவர் பாகம் செய்து அனுப்புவதோடு சரி.