பிரெட்வால்டா: புகழ்மொழியோ, பதவியோ?

இங்கிலாந்தின் பண்டைச் சரித்திரம் பயிலும் மாணாக்கர் பலர், "பிரெட்வால்டா" என்னும் சொல்லைக் கண்டவுடன், அந்நாட்டு அரசர் அனைவர்க்கும் மேலாக வழிவழி வந்ததோர் அரியணை இருந்ததெனவும், அதன்மீது எண்மர் ஒருவர்பின் ஒருவராய் அமர்ந்தனரெனவும் எண்ணிவிடுகின்றனர். அங்ஙனம் எண்ணுதற்குச் சான்று போதாது என்பதே நமது கருத்து.

731-ஆம் ஆண்டில் தமது திருச்சபைச் சரித்திரத்தை முடித்த பீட் என்னும் துறவியார், ஹம்பர் ஆற்றுக்குத் தெற்கேயுள்ள நாடுகளின்மீது மேலாட்சி செலுத்திய எழுவரைக் குறிக்கின்றார். ஸஸெக்ஸ் நாட்டு எல்லி, வெஸெக்ஸ் நாட்டுச் சாலின், கெண்ட் நாட்டு எதல்பர்ட், கிழக்கு ஆங்கிலிய ரெட்வால்ட், நார்த்தம்பிரியாவின் எட்வின், ஆஸ்வால்ட், ஆஸ்வி என்போர் அவ்வெழுவர். இலத்தீனில் எழுதிய அவர் ஆட்சியைக் கூறினாரேயன்றி, அதற்கெனத் தனிப்பட்டம் ஒன்றும் கூறினாரல்லர். நாம் ஆராயும் சொல்லோ, ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெஸெக்ஸில் தொகுக்கப்பெற்ற ஆங்கிலோ-சாக்ஸன் ஆண்டுக்குறிப்பிலே காணப்படுகின்றது. அந்நூல் பீட் கூறிய எழுவரையும் அடுக்கி, 829-இல் மெர்ஸியாவை வென்ற தன் நாட்டரசன் எக்பர்ட்டை எட்டாமவனாகச் சேர்க்கின்றது. ஏட்டுக்கு ஏடு சொல்வடிவமும் வேறுபடுதலின், "பிரித்தானியாவை ஆள்வோன்" என்பதோ, "அகன்ற ஆட்சியுடையோன்" என்பதோ அதன் பொருளெனத் துணிதலும் அரிதாகின்றது.

இனி, பட்டியலில் இல்லாதவரை நோக்குக. 655-இல் மெர்ஸிய மன்னன் பெண்டாவின் படையில் அரச தலைவர் முப்பதின்மர் துணைவந்தனர் என்று பீட் தாமே எழுதுகின்றார். தாம் எழுதிய நாளில் ஹம்பருக்குத் தெற்கேயுள்ள நாடுகள் யாவும் மெர்ஸிய மன்னன் எதல்பால்டுக்கு அடங்கியிருந்தன என்றும் அவரே கூறுகின்றார். 736-ஆம் ஆண்டுச் சாசனமொன்று எதல்பால்டைப் பிரித்தானியாவின் அரசன் என்றே குறிக்கின்றது. எனினும், இவ்விருவர்க்கும் பட்டியலில் இடமில்லை. அஃது உண்மையில் ஒரு பதவியாயின், அதனை வகித்தோர் பெயர் விடுபடுதல் யாங்ஙனம்? பீட் நார்த்தம்பிரியர், ஆண்டுக்குறிப்பைத் தொகுத்தோர் வெஸெக்ஸார். மெர்ஸியாவின் பெருமையை எடுத்துரைத்தற்கு இருசாராரும் விரைந்திலர் போலும்.

ஆயின் மேலாட்சி வெறும் பொய்யோ எனின், அன்று. எதல்பர்ட்டின் துணைகொண்டே அகஸ்டின், கெண்டுக்கு நெடுந்தொலைவில், மேற்குச் சாக்ஸனியர் எல்லையில் பிரித்தானிய ஆயர்களைக் கூட்டுவித்தார். 616-இல் ரெட்வால்ட் ஐடில் ஆற்றங்கரையில் வென்று, எட்வினை அரசனாக்கினான். ஆயினும் 633-இல் எட்வின் போரில் மடிந்தவுடனே, அவன் நாடே இரண்டாகப் பிளவுண்டது. 642-இல் ஆஸ்வால்டும் பெண்டாவின் கையால் மாண்டான். ஆதலின் அவ்வதிகாரம் அரியணையில் இருந்ததன்று. ஆண்டவனது தோள்வலியிலும், அவனுக்கஞ்சிக் கப்பம் கட்டினாரது அச்சத்திலும் இருந்ததென்க.

அச்சொல் மக்கள் நாவில் முன்னரே வழங்கியிருத்தல் கூடாதோ என வினவுவார்க்கு, கூடும் என்போம். ஆனால் புகழ்மொழி வேறு, பதவி வேறு. தேர்வு கருதி எட்டுப் பெயர்களை நெட்டுருச் செய்யும் மாணவ நண்பர்கள், அப்பட்டியலை எழுதினோர் யார், எந்நாட்டார், யாரை விடுத்தனர் என்பவற்றையும் உடன் வினவுவாராக. சரித்திரக் கல்வி அவ்வினாவிலேயே தொடங்குகின்றது.