இல்லமும் நாமும்: வாயில்லாச் சீவனுக்கு விடை கொடுக்கும் வேளை



இப்பகுதியில் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, முதியோர் நலம், விடுமுறைப் பயணம் ஆகியவை பற்றியெல்லாம் எழுதி வந்துள்ளோம். இம்மாதம் எடுத்துக்கொள்ளும் விஷயம் சிலருக்கு அற்பமாகத் தோன்றலாம். வீட்டில் வளர்த்த நாயோ பூனையோ தீராத நோயில் வீழ்ந்து வருந்தும்போது, அதன் உயிரை மருந்தினால் அமைதியாக முடிக்கலாமா, முடிப்பதாயின் எப்போது, முடித்தபின் மனத்தை எவ்வாறு தேற்றிக்கொள்வது என்பதே அது.

சங்கத்து அன்பர் ஒருவர் இது குறித்துக் கடிதம் எழுதியுள்ளார். அவர் வீட்டு நாய்க்கு வயது 13. சிறுநீரகம் பழுதாகிவிட்டது. "வைத்தியர் முடிவை எங்களிடமே விட்டுவிட்டார். வீட்டில் நால்வரும் நான்கு விதமாய்ச் சொல்கிறோம். எது தர்மம்?" என்பது அவரது கேள்வி.

இக்கேள்வி அற்பமன்று என்பதே எமது அபிப்பிராயம். ஊரில் இருப்போருக்கு அடுத்த தெருவில் அத்தை உண்டு, எதிர் வீட்டில் சித்தப்பா உண்டு. மும்பையில் இரண்டு அறைக்குள் குடித்தனம் நடத்தும் நமக்கு, வேலை முடிந்து வரும்போது வாசலில் வந்து நிற்கும் உறவு பல வீடுகளில் ஒரு நாய்தான். தெருவெல்லாம் மராத்தியும் இந்தியும் ஒலிக்க, அது மட்டும் "வா" என்றால் வரும். "உட்காரு" என்றால் உட்காரும். அதை இழப்பது சிறு இழப்பன்று.

எங்கள் வீட்டிலும் இவ்வேளை வந்து சென்றது. ரயில்வே குடியிருப்பின் பின்புறத்தில் மழைக்கு ஒதுங்கிய குட்டியாய் வந்தது மணி. பதினான்கு ஆண்டுகள் எங்களோடு இருந்தது. கடைசி ஆண்டில் அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் குடித்தது, உடல் மெலிந்தது. மிருக வைத்தியசாலையில் உதவியாளர் இந்தியில் உட்காரச் சொன்னார். மணி நின்றுகொண்டே இருந்தது. எங்கள் தாயார் "உட்காருடா மணி" என்றதும் உட்கார்ந்தது. அங்கிருந்தோர் சிரித்தனர். இரத்தப் பரிசோதனை முடிவு வந்தபின் யாரும் சிரிக்கவில்லை.

நாயின் சிறுநீரகம் ஏறத்தாழ முக்கால் பங்கு வலுவிழந்த பின்னரே வழக்கமான இரத்தப் பரிசோதனையில் பழுது தெளிவாகத் தெரியும் என்று வைத்தியர் விளக்கினார். உப்பும் புரதமும் கட்டுப்படுத்திய உணவு, தோலின் கீழே ஏற்றும் உப்புநீர், குமட்டலுக்கு மருந்து ஆகியவற்றால் பல நாய்கள் மாதக்கணக்கில், சில ஆண்டுக்கணக்கிலும், நலமாக இருப்பதுண்டு. ஆயின் கெட்ட சிறுநீரகம் மீண்டும் தளிர்ப்பதில்லை. கிடைப்பது தவணையே. மணிக்கு ஏழு மாதத் தவணை கிடைத்தது. அதில் ஐந்து மாதம் நல்ல மாதங்கள்.

நிற்க. எப்போது முடிவு செய்வது? நாயும் பூனையும் வலியை மறைக்கும் இயல்புடையவை. முனகாதிருப்பதால் வலியில்லை என்று கொள்ளலாகாது. இதற்கென அமெரிக்க மிருக வைத்தியர் ஆலிஸ் வில்லலோபாஸ் என்னும் அம்மையார் 2004-ல் ஓர் அளவுகோல் வகுத்தார். அதில் ஏழு கேள்விகள் உள்ளன: வலியும் மூச்சுத் திணறலும் அடங்கியிருக்கின்றனவா? போதிய உணவு கொள்கிறதா? உடலில் நீர் வற்றாமல் இருக்கிறதா? மேனி தூய்மையாக இருக்கிறதா? எதிலேனும் மகிழ்ச்சி காட்டுகிறதா? எழுந்து நடமாட முடிகிறதா? கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுதியா? ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் இட வேண்டும். கூட்டுத்தொகை 35-க்கு மேற்பட்டால் பராமரிப்பைத் தொடரலாம். கீழே இறங்கி அங்கேயே நின்றால் வைத்தியருடன் அமர்ந்து பேசும் காலம் வந்துவிட்டது.

மதிப்பெண் போட மனம் ஒவ்வாதோர்க்கு எளிய வழி ஒன்றுண்டு. சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில், நல்ல நாளுக்கு ஒரு வட்டமும் கெட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறியும் இடுங்கள். எங்கள் வீட்டில் அவ்வேலையை மகளிடம் ஒப்படைத்தோம். நேற்று வாலாட்டியது நினைவில் நிற்கும். அதற்கு முந்திய நான்கு நாட்கள் எழாமல் கிடந்தது மறந்துபோகும். காலண்டர் மறப்பதில்லை. ஆறாம் மாதத்தில் வட்டமும் குறியும் சரிபாதி. ஏழாம் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் வட்டம் மூன்றே.

ஒரு சொல் எச்சரிக்கை. வலியைத் தணிப்பதாக எண்ணி நமக்குரிய மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. பாரசிட்டமால் பூனைக்குக் கொடிய நஞ்சு. ஐபுப்ரோஃபென் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இனி, பாவ புண்ணியம் பற்றிய கேள்வி. எங்கள் தாயார் முதலில் இதற்கு இசையவில்லை. "உயிரைக் கொடுத்தவன் எடுத்துக்கொள்வான், நடுவே நாம் யார்? தர்மபுத்திரர் நாயைக் கைவிட்டுச் சொர்க்கத்துக்குப் போக மறுத்தாரே, மறந்துவிட்டதா?" என்றார். பெரியோர் இவ்வாறு சொல்லும்போது அதைப் பழமை என்று தள்ளிவிடுவது முறையன்று. உயிரின் மீதுள்ள அச்சமும் மதிப்பும் அப்பேச்சில் இருக்கின்றன.

காந்தியடிகளே இச்சோதனைக்கு ஆளானவர். 1928-ஆம் ஆண்டில் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று பிழைக்க வழியின்றிக் கிடந்தது. புரண்டு படுப்பதும் அதற்குப் பெருவேதனையாயிற்று. வைத்தியர் நம்பிக்கையில்லை என்று சொன்னபின், ஆசிரமத்தாரோடு கலந்து ஆலோசித்து, டாக்டரைக் கொண்டு ஊசி போட்டு அதன் உயிரை முடிக்கச் செய்தார். கண்டனக் கடிதங்கள் பல வந்தன. அவர் ஒளிக்கவில்லை. நவஜீவன், யங் இந்தியா இதழ்களில் தம் செயலை வெளிப்படையாக விளக்கினார். தன்னலத்தாலோ சினத்தாலோ ஓர் உயிரை வருத்துவதும் கொல்வதுமே ஹிம்சை. நோவு தீர வேறு வழியே இல்லாதபோது, அவ்வுயிரின் நலத்தையே கருதிச் செய்வது அதனின்றும் வேறானது என்பதே அவர் வாதத்தின் சாரம்.

சட்டமும் இங்கே நினைக்கத்தக்கது. ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் பயனாக 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தன் பொறுப்பில் உள்ள பிராணிக்கு வேண்டாத வலியும் துன்பமும் நேராமல் காப்பது உடையவர் கடமை என்று அதன் 3-ஆம் பிரிவு கூறுகிறது. பணம் இல்லை, இடம் இல்லை, மாற்றல் உத்தரவு வந்துவிட்டது என்று குணமாகக் கூடிய பிராணியை முடித்துவிடக் கேட்பதும், வேறு தெருவில் கொண்டுபோய் விட்டுவருவதும் கருணையில் சேரா.

எங்கள் தாயார் மனம் மாறியது வாதத்தினால் அன்று. வைத்தியர் அவரிடம், "அம்மா, இனி நல்ல நாள் வருமா என்று கேட்காதீர்கள், வராது. இன்னும் எத்தனை கெட்ட நாட்கள் என்பது மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது" என்றார். அன்றிரவு மணி தயிர்சோற்றையும் மறுத்தது. நடுநிசி வரை தாயார் அதன் அருகில் அமர்ந்திருந்துவிட்டு, "கைவிடுவதுதான் பாவம். கூட இருந்து அனுப்பி வைப்போம்" என்றார்.

கைவிடாமை என்னும் அந்த ஒரு சொல்லையே அன்பருக்கும் விடையாகச் சொல்ல விரும்புகிறோம். முடிவை ஒத்திப்போட்டு வேதனையில் விடுவதும் ஒருவகைக் கைவிடல். ஊசி போடும் வேளையில் வாசலுக்கு வெளியே நின்றுகொள்வதும் அப்படியே. இயன்றவரை வீட்டார் ஒருவரேனும் உடன் இருத்தல் வேண்டும்.

அங்கே நடப்பது என்னவென்று முன்னரே தெரிந்திருந்தால் அச்சம் குறையும். வழக்கமாக முதலில் மயக்க மருந்து கொடுப்பர்; சில நிமிடங்களில் பிராணி ஆழ்ந்து உறங்கிவிடும். பின்னர் இரத்தக் குழாய் வழியே மருந்தை மிகை அளவில் செலுத்துவர். மூச்சும், அதையடுத்து நெஞ்சுத் துடிப்பும் நின்றுவிடும். கண்கள் மூடா. உடல் ஒருமுறை சிலிர்க்கலாம்; மூச்சு இழுப்பதுபோல் தோன்றலாம்; சிறுநீர் கழியலாம். இவை வேதனையின் அடையாளங்கள் அல்ல. மணியின் தலை எங்கள் தாயாரின் மடியில் இருந்தது. அவர் அதன் நெற்றியில் சிறிது திருநீறு இட்டார். தமிழில் பேசிக்கொண்டே இருந்தார்.

ரயில்வேயில் பணிபுரிவதால், ஒரு கேள்வி எம்மிடம் அடிக்கடி வருகிறது. "சாகும்போதேனும் ஊரில் சாகட்டுமே, வண்டியில் கொண்டுபோகலாமா?" என்பர். முதல் வகுப்பில் கூபே முழுவதும் நமக்கே கிடைத்தால் நாயை உடன் கொண்டுசெல்லலாம். இல்லையேல் கார்டு வண்டியில் உள்ள நாய்ப் பெட்டியே கதி. சென்னை வரை ஏறத்தாழ 1,280 கிலோமீட்டர். ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். நோயுற்ற நாயை அத்தனை நேரம் இரும்புப் பெட்டியில் தனியே அடைத்துக் கொண்டுபோவது நம் ஆசைக்காகவே அன்றி அதன் நன்மைக்காக ஆகாது. அதற்கு ஊர் நாம் இருக்கும் இடந்தான்.

ஊரில் என்றால் கிணற்றடித் தென்னையின் கீழ் குழி தோண்டுவோம். இங்கே ஒரு முழ நிலமும் நமதன்று. மாலாடில் மாநகராட்சியின் சிறு பிராணிகள் எரியூட்டு நிலையம் 2023-ல் தொடங்கப்பட்டது. எங்கு வாழ்வோரும், நேரம் என்ன, வைத்தியர் சான்று வேண்டுமா என்பவற்றை நல்ல நிலையில் இருக்கும்போதே விசாரித்து வைத்தல் நலம். அழுதுகொண்டே தொலைபேசியில் விசாரிப்பது கடினம்.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது? நம்மவர் வழக்கமாய்ச் சொல்லும் பொய், "ஊருக்கு அனுப்பிவிட்டோம்" என்பது. மே மாதம் ஊருக்குப் போன குழந்தை வீடுவீடாய்த் தேடினால் என் செய்வோம்? "தூங்கிவிட்டது" என்பதும் ஆகாது. சிறுவர்க்குத் தூக்கத்தின் மீதே பயம் பிடிக்கும். "அதற்குக் குணமாகாத நோய், வைத்தியர் வலியில்லாமல் இறக்க உதவினார், இனி வராது" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எட்டு வயது மகன் எங்களிடம் கேட்டது ஒன்றே: "மணிக்குத் தெரியுமா?" "வலி நின்றது தெரிந்திருக்கும், பாட்டி அருகில் இருந்ததும் தெரிந்திருக்கும்" என்றோம். மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மணிக்குப் புரிந்த தமிழ்ச் சொற்களையெல்லாம் எழுதினாள். மொத்தம் 23. அப்பட்டியலைக் கண்டபோது வீட்டில் எல்லாருமே அழுதோம். அதன்பின் பேச்சு எளிதாயிற்று.

பெரியோர்க்கும் துக்கம் உண்டு. மாலையில் செருப்பைக் கழற்றும்போது காது தானே வாசலை நோக்கும். மீந்த சோற்றைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்போம். அவசரப்பட்டு விட்டோமோ என்ற ஐயமும் நள்ளிரவில் எழும். அப்போது அந்தக் காலண்டரை எடுத்துப் பாருங்கள். தட்டையும் சங்கிலியையும் அன்றே அகற்ற வேண்டியதில்லை. மறுவாரமே புதுக்குட்டி கொணர்ந்து பழைய பெயரையே வைப்பதும் வேண்டாம். வீட்டில் வேறு நாயோ பூனையோ இருந்தால், அதுவும் சில நாள் தேடும், உணவு குறைக்கும், பொறுமை காட்டுங்கள். துக்கம் பல வாரங்கள் கடந்தும் உண்ணவோ உறங்கவோ விடாதிருந்தால் டாக்டரைக் காண்பதில் வெட்கமில்லை.

"போயும் போயும் ஒரு நாய்க்கா அழுகிறாய்?" என்பாரும் உளர். அவர்களுக்குச் சொல்ல நமக்கு ஒரு கல் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றுண்டு. வீரனோடு அவனது நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்வரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் பொறிக்கப்பட்டுள்ளது. 1,400 ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் ஒரு நாயின் பெயரைக் கல்லில் எழுதினர். அதை அற்பமென்று அவர்கள் கருதவில்லை.

கடிதம் எழுதிய அன்பருக்கு: வீட்டில் நால்வரும் நான்கு விதமாய்ச் சொல்வது அன்பின் குறையால் அன்று. இன்றே ஒரு காலண்டரை மாட்டுங்கள். இரண்டு வாரம் நால்வரும் சேர்ந்து குறியிடுங்கள். பின்னர் அதையே எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். இடையில் மூச்சுத் திணறலோ வலிப்போ அடங்காத வலியோ கண்டால் இரண்டு வாரம் காத்திராமல் அன்றே செல்லுங்கள். எம்முடிவு செய்தாலும், அதன் காதில் கடைசியாய் விழுவது அதற்குப் பழகிய குரலாக இருக்கட்டும்.