ஊரறியக் கணக்கு



"எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே, இனி யார் நம்மை ஏய்க்க முடியும் சாமி?" என்று நம் பங்குகளில் பலர் வினவக் கேட்டிருக்கிறோம். அரசின் கணக்கு கைபேசித் திரையில் தெரிவது நல்லதே. ஆனால் தெரிவது வேறு. தெரிந்தவர் கூடி நின்று கேட்பது வேறு. இவ்விரண்டுக்கும் உள்ள தொலைவை உணர, இராஜஸ்தான் மாநிலத்து ஏழை உழைப்பாளர்களின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

1946இல் சென்னையில் பிறந்த அருணா ராய் என்னும் அம்மையார் இந்திய ஆட்சிப்பணியில் சில ஆண்டுகள் இருந்து, பின் அதனைத் துறந்து இராஜஸ்தான் சிற்றூர்களுக்குச் சென்றார். 1990ஆம் ஆண்டு மே முதல் நாளன்று அவரும் தோழர்களும் அவ்வூர் மக்களோடு இணைந்து 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்னும் உழைப்பாளர், உழவர் அமைப்பை நிறுவினர். சாலை வெட்டியும் குளம் தோண்டியும் உழைத்தவர்க்குச் சட்டம் வகுத்த கூலி கிடைக்கவில்லை. ஏனென்று கேட்டால், "நீங்கள் செய்த வேலை அவ்வளவுதான், பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்பது விடை. பதிவேட்டைக் காட்டுங்கள் என்றாலோ, அது அரசு இரகசியம்! மண் சுமந்தவளின் பெயர் எழுதிய தாளை அவளே காணலாகாது என்பது எவ்வகை நீதியோ, நாமறியோம்.

1994 டிசம்பரில் கோட் கிரானா என்னும் சிற்றூரில் முதல் 'ஜன் சுன்வாய்', அதாவது மக்கள் விசாரணை, கூடிற்று. அரிதின் முயன்று பெற்ற வருகைப் பட்டியல்களும் செலவுச் சீட்டுகளும் ஊர் நடுவே உரத்து வாசிக்கப்பெற்றன. கூடியிருந்தோருள் எழுத்தறியாதவர் பலர். எனினும் தத்தம் பெயரைக் கேட்டறிய எழுத்து எதற்கு? இத்தகைய விசாரணைகளில் இறந்து போனவர்கள் கூலி வாங்கியதாகப் பட்டியல் கூறிற்று. ஊரைவிட்டே சென்றவர்கள் மண் வெட்டியதாகக் கூறிற்று. "அவர் செத்துப் பல காலம் ஆயிற்றே!" என்று சொல்லக்கூடிய அண்டை வீட்டார் அங்கே அமர்ந்திருந்தனர். எந்தத் தணிக்கை அதிகாரிக்கும் இல்லாத அறிவு அது.

1996இல் பியாவர் நகரில் அவர்கள் நாற்பது நாள் அறப்போர் நடத்தினர். ஊர்மக்கள் தானியமும், கடைவீதியார் காய்கறியும் கொடுத்துத் தாங்கினர். 1997இல் தமிழ்நாடு, நாட்டிலேயே முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது; விலக்குகள் மலிந்த சட்டம் அது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2005இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்தில், தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். முப்பது நாளில் விடை தரவேண்டும். வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ளவர்க்குக் கட்டணமில்லை. இவையெல்லாம் பலரறிந்தவை. பலரறியாதது அச்சட்டத்தின் நான்காம் பிரிவு. மக்கள் விண்ணப்பித்து வருந்தாதபடி, அரசே தன் தகவல்களை, இணையம் உள்ளிட்ட பல வழிகளில், தானாக முன்வந்து வெளியிடவேண்டும் என்கிறது அப்பிரிவு.

அப்பிரிவை மெய்ப்பிக்க எழுந்ததே இராஜஸ்தான் அரசு 2019 செப்டம்பரில் தொடங்கிய 'ஜன் சூச்னா' இணையதளம். நியாயவிலைக் கடைக்கு வந்த தானியம் எவ்வளவு, யாருக்கு ஓய்வூதியம் நின்றது என்பனவற்றை ஊர் வாரியாக, விண்ணப்பமின்றி எவரும் காணலாம். எவையெவை அதில் இடம்பெற வேண்டும் என்பதை அலுவலரும் மக்கள் அமைப்பினரும் ஒன்றாய் அமர்ந்து பேசினர் என்பதே நம்மை மிகவும் கவர்ந்த செய்தி. கணிப்பொறி வல்லுநர் தாமாகச் சமைத்துப் பரிமாறியதன்று அது.

இயந்திரம் பொய்யுரைக்காது என எண்ணற்க. 2016இல் அதே மாநிலத்தில் முதியோர் பலரின் ஓய்வூதியம் நின்றது. காரணம், கணினிப் பதிவில் அவர்கள் இறந்துவிட்டிருந்தனர்! முன்னர்த் தாளில் செத்தவர் உயிர்பெற்றார். பின்னர்த் திரையில் உயிருள்ளவர் செத்தார். இரண்டிலும் உண்மையை வெளிக்கொணர்ந்தவை மனிதர் நேரில் சென்று கேட்ட கேள்விகளே.

இப்பொழுது வேறொரு கவலையும் சேர்ந்துள்ளது. 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவைத் திருத்திற்று. 2025 நவம்பரில் அத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. தனிநபர் பற்றிய தகவல் என்றாலே மறுக்க அது இடந்தருகிறது. பொதுநலன் மிகுந்தால் வெளியிடலாம் என்னும் வேறோர் உட்பிரிவு எஞ்சியுள்ளது உண்மையே. எனினும் அதனை எடைபோடுபவர் அதே அலுவலர் அன்றோ? அண்டை வீட்டாரின் நோயையும் கடனையும் நாம் துருவலாகாது, அதில் ஐயமில்லை. பொதுப்பணத்தில் கூலி பெற்றவர் யார் என்பது அவ்வகையினதன்று. பெயர்களை மறைத்துத் தொகையை மட்டும் காட்டும் பட்டியலை ஊர் நடுவே வாசித்தால், "அவர் செத்துவிட்டாரே" என்று யார் எழுந்து கூறுவார்?

நம் ஊர்களுக்கு வருவோம். நூறு நாள் வேலைத் திட்டம் நடந்த ஆண்டுகளில் ஊர் வாரியான பெயர்களும் கூலியும் இணையத்தில் வெளியிடப்பட்டன. நம் இல்லங்களில் எத்தனை பேர் அவற்றைத் திறந்து பார்த்தோம்? திரைப்படத்தை நொடியில் தேடியெடுக்கும் நம் பிள்ளைகளுக்கு இது கடினமன்று. செய்யும்படி நாம் சொல்லவில்லை, அவ்வளவே.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதற்கு முந்திய வாரத்தில், இளையோர் இருவர் தம் ஊராட்சிக்கு வந்த நிதியும் நடந்த பணிகளும் பற்றி இணையத்தில் உள்ளவற்றைத் தாளில் எடுத்து, வீட்டுப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும். எந்தச் சாலை போடப்பட்டது, எது போடப்படவில்லை என்று பாட்டிமார் சொல்வர். அத்தாளோடு சபைக்குச் சென்று கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். விடை வராவிடில், இருக்கவே இருக்கிறது பத்து ரூபாய் விண்ணப்பம்.