பெல்ட் தேய்மானப் பொருளாம்! பிறகு உத்தரவாதம் எதற்கு?



மொழியையும் பள்ளியையும் பற்றி எழுதுகின்ற இடத்தில் மகிழுந்தின் பெல்ட்டைப் பற்றி எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். எழுதத்தான் வேண்டும். தோட்டப்புறப் பள்ளிக்கு அனுப்பப்படும் புதிய ஆசிரியர் முதல் சம்பளத்தை நம்பி வாங்குவது பழைய மகிழுந்து. வீட்டருகே வேறு பள்ளி இருந்தும், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தமிழ்ப்பள்ளிக்கே பிள்ளையை அழைத்து வருகின்ற பெற்றோர் பலரிடம் இருப்பதும் பழைய மகிழுந்துதான். இவர்கள் கையில் ‘ஓராண்டு உத்தரவாதம்’ என்று ஒரு தாளைத் திணித்து அனுப்பும் வணிகத்தைப் பற்றியே இன்று எழுதுகிறேன்.

அந்தத் தாளை யாரேனும் முழுமையாகப் படித்ததுண்டா? முன்பக்கத்தில் ‘எஞ்சின், கியர்பாக்ஸ் உத்தரவாதம்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்பக்கத்தில் எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்தில் விலக்குகள் இருக்கும். பெல்ட், ரப்பர் குழாய், பிரேக் பேட், கிளட்ச் முதலான தேய்மானப் பொருள்களுக்கு உத்தரவாதம் இல்லை என்பார்கள். இதில் எனக்கு வழக்கில்லை. தேய்கின்ற பொருள் தேயத்தான் செய்யும். என் வழக்கெல்லாம் அதற்கடுத்து வருகின்ற வரியோடுதான். உத்தரவாதத்தில் சேராத ஒரு பொருளால் எஞ்சினுக்குச் சேதம் விளைந்தால், அந்தச் சேதத்திற்கும் பொறுப்பில்லை என்கிறது அந்த வரி. நான் வாங்கிப் பார்த்த தாள்களில் பெரும்பாலானவற்றில் அது ஏதோவொரு வடிவில் ஒளிந்திருந்தது.

கூரைக்கு உத்தரவாதம் உண்டு, தூணுக்கு இல்லை, தூண் விழுந்ததால் கூரை சரிந்தால் அது எங்கள் கணக்கில் வராது என்று ஒரு வீட்டுக்காரர் சொன்னால் சிரிக்கமாட்டோமா?

பெல்ட்டுக்கும் எஞ்சினுக்கும் உள்ள உறவைச் சற்று விளக்கிவிடுகிறேன். மகிழுந்தில் இருவகை பெல்ட்டுகள் உண்டு. வெளியே தெரிவது மின்னாக்கி, குளிர்சாதனக் கம்ப்ரெசர் போன்றவற்றைச் சுழற்றுவது. பல வண்டிகளில் எஞ்சினுக்குத் தண்ணீர் சுற்றச் செய்யும் பம்ப்பும் இதன் பொறுப்பில்தான் இருக்கிறது. இது அறுந்தால் முதலில் பேட்டரி விளக்கு எரியும். பிறகு சூடேறும். ஓட்டுநர் உடனே நிறுத்தாவிட்டால் சிலிண்டர் ஹெட் வளைந்துபோகும். மழைநாள் காலையில் வண்டியை எழுப்பும்போது ‘கீச்’ என்று கத்துவது பெரும்பாலும் இதுதான். பழைய ரப்பர் பெல்ட்டில் வெடிப்பு விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இப்போது பெரும்பாலும் வருகின்ற இ.பி.டி.எம். ரப்பர் அப்படி எளிதில் வெடிப்பதில்லை. டயரைப் போல, உட்புற வரிப்பள்ளங்கள் கொஞ்சங்கொஞ்சமாகத் தேய்கின்றன. ஆகவே ‘வெடிப்பே இல்லை, பெல்ட் புதிதுபோல் இருக்கிறது’ என்று விற்பவர் காட்டுவது எதையும் மெய்ப்பிக்காது.

மற்றொன்று மூடிக்குள் மறைந்திருக்கும் டைமிங் பெல்ட். கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் தண்டு ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்தக் கணக்குப் பிசகாமல் பார்த்துக்கொள்வது இதுதான். இது அறுந்தால் பல எஞ்சின்களில் திறந்தபடி நின்றுவிட்ட வால்வுகளைப் பிஸ்டன் மோதி வளைத்துவிடும். எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிடும், முன்னறிவிப்பும் பெரும்பாலும் இருக்காது. மாற்றும் கெடு மாடலுக்கு மாடல் வேறுபடும். பல பழைய மாடல்களுக்கு 60,000 முதல் 100,000 கிலோமீட்டர் வரை, அல்லது ஏறத்தாழ 5 ஆண்டு என்பார்கள். எது முந்துகிறதோ அதுவே கணக்கு. டென்ஷனர், தேவைப்பட்டால் தண்ணீர் பம்ப் ஆகியவற்றோடு மாற்றினாலும் சில நூறு வெள்ளிதான். மாற்றாமல் விட்டால் சில ஆயிரம். (2005-இல் வந்த முதல் மைவி போன்ற வண்டிகளில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. அதனால் தப்பித்தோம் என்று எண்ண வேண்டாம். வெளிப்புற பெல்ட் அவற்றிலும் உண்டு.)

என்னோடு பணிபுரியும் இளம் ஆசிரியை ஒருவர் பன்னிரண்டு வயதான வண்டியொன்றை வாங்கினார். ஐந்தாவது வாரம் நெடுஞ்சாலையில் டைமிங் பெல்ட் அறுந்தது. வால்வுகள் வளைந்தன. பட்டறையில் 3,800 வெள்ளி கேட்டார்கள். உத்தரவாதத் தாளோடு போனவரிடம் விற்பனையாளர், “டீச்சர், எஞ்சின் கெட்டுப் போகலே. பெல்ட்தான் அறுந்துச்சு. பெல்ட்டுக்கு வாரண்டி இல்லே” என்றாராம். விற்றவர் நம்மவர்தான் என்பதில் எனக்குக் கூடுதல் வருத்தம்.

‘மீட்டரில் 78,000தானே ஓடியிருக்கிறது, கெடு இன்னும் வரவில்லை’ என்பது அவருடைய அடுத்த வாதம். மீட்டரைத் திருப்புவது இந்நாட்டில் யாரும் கேள்விப்படாத கலையா? மீட்டர் உண்மையே என்றாலும் பன்னிரண்டு ஆண்டு எஞ்சின் சூட்டில் வெந்த ரப்பருக்கு வயது ஆகவில்லையா? ‘புஷ்பாகோம் சோதனையில் தேறிய வண்டி’ என்பது மூன்றாவது வாதம். அங்கே எஞ்சின் எண், பிரேக், புகை போன்றவற்றைப் பார்ப்பார்கள். டைமிங் மூடியைக் கழற்றிப் பார்ப்பதில்லை. அந்தச் சான்றிதழை பெல்ட்டுக்குச் சாட்சியாக நிறுத்துவது, உடற்பயிற்சியில் தேறிய மாணவனுக்குக் கணிதத்திலும் தேர்ச்சி போடுவது போன்றது.

நாள் பாடக்குறிப்பு எழுதப்படவில்லை என்றால் நாம் பாடம் நடத்தினோம் என்பதை எந்தத் தலைமையாசிரியராவது ஏற்பாரா? சேவைப் பதிவேடே இல்லாத வண்டிக்கு ‘பெல்ட்டெல்லாம் மாற்றியாச்சு’ என்ற வாய்ச்சொல்லை மட்டும் நாம் ஏன் ஏற்க வேண்டும்?

சட்டம் இவர்கள் பக்கம் இல்லை. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன் 32-ஆம் பிரிவு, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. மறைந்திருக்கும் குறைகள் உட்பட எல்லாம் அறிந்த ஒரு நியாயமான பயனீட்டாளர் அதை ஏற்பாரா என்பதே அளவுகோல். விலையும் கணக்கில் வரும். மலிவான பழைய வண்டியில் புதிய வண்டியின் தரத்தை எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் கெடு தாண்டிய டைமிங் பெல்ட் உள்ளே இருக்கிறது என்று தெரிந்திருந்தால் அந்த ஆசிரியை அந்த விலை கொடுத்திருப்பாரா? ஒப்பந்தத்தில் எதை எழுதி வாங்கினாலும் இச்சட்டத்தை ஒதுக்கிவிட முடியாது என்று 6-ஆம் பிரிவு சொல்கிறது. பொடி எழுத்துக்கு அங்கே மதிப்பு குறைவு.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளி. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை. அந்த ஆசிரியை மனுச் செய்தார். விசாரணைக்கு முன்பே பாதிச் செலவைத் தர விற்பனையாளர் இறங்கி வந்தார், அவரும் வாங்கிக்கொண்டார். வாங்கியிருக்கக் கூடாது என்பது என் கருத்து. தீர்ப்பு ஒன்று கிடைத்திருந்தால் அடுத்தவருக்கும் உதவியிருக்கும்.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள விதியின்படி, வாங்கிய 6 மாதத்திற்குள் வெளிப்படும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர். பழைய வண்டிக்கும் இது பொருந்தும். இயல்பான தேய்மானம் மட்டும் விலக்கு.

வணிகர்களிடம் நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. விற்பனைத் தாளில் இரண்டு வரி எழுதுங்கள்: டைமிங் பெல்ட் எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், எந்தப் பட்டறையில் மாற்றப்பட்டது? வெளிப்புற பெல்ட் எப்போது? தெரியாதென்றால் ‘தெரியாது’ என்றே எழுதிக் கையொப்பமிடுங்கள். விற்கும் முன் குறையைச் சுட்டிக்காட்டியவருக்குச் சட்டமும் பாதுகாப்புத் தருகிறது. வாங்குபவர் அந்தச் சில நூறு வெள்ளியை விலையில் கழித்துக்கொண்டு, வண்டியை நேரே பட்டறைக்கு ஓட்டிச் செல்வார். எழுத மறுக்கும் கடையில் முன்பணம் கட்டாதீர்கள்.